சட்டிக்கல் ஆறிய கதை

மழை பலமாகப் பிடித்தால் எங்கள் வீட்டில் முதலில் செய்கிற வேலை, ஒழுகுகிற இடத்தில் வாளி வைப்பதல்ல. டீவி ரிமோட்டைத் தேடி எடுத்து என் கையில் கொடுப்பதுதான். தம்பி கொடுப்பான். அவன் மனைவி கொடுப்பாள். கல்யாணமான புதிதில் ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரும் இப்போது கொடுக்கப் பழகிவிட்டார். நான் பேசாமல் வாங்கி மடியில் வைத்துக்கொள்வேன். ஏன் என்று கேட்டால் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் சொல்வதைவிட நானே சொல்லிவிட்டால், எனக்குச் சாதகமான இடங்களைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லலாம் என்று நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். (அப்படி ஓர் இடமும் இல்லை என்பது பாதி எழுதிய பிறகுதான் தெரிந்தது.)

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அட்டை என்றால் பயம். தேயிலைக்குள் எங்கோ சிறுத்தை உறுமியதாக யாரோ சொன்னதாக யாரோ சொன்னால் பயம். துரை பங்களா நாய் தூங்கிக்கொண்டிருந்தாலும் பயம், எழுந்துவிடுமே என்று. இந்தப் பயங்களையெல்லாம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வயது வித்தியாசம் இல்லாமல் கேலி செய்வார்கள். மழைப் பயத்தை மட்டும் யாரும் கேலி செய்வதில்லை, ஏனென்றால் அது எல்லோருக்கும் இருந்தது.

எங்கள் லயம் இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேல்பிரிவில், நாங்கள் சொல்கிற மேல்கணக்கில், இருக்கிறது. லயத்துக்குப் பின்னால் மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலி. பீலிக்குப் பக்கத்தால் ஒற்றையடிப் பாதையில் ஏறினால் சட்டிக்கல். கவிழ்த்துவைத்த பெரிய சோற்றுச் சட்டி போல ஒரு கரும்பாறை. மழை நாட்களில் நாங்கள் எல்லோரும் அந்தக் கல்லையும் அதைச் சுற்றிய மண்ணையும் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவோம். மண்சரிவு பற்றி விளக்கம் சொல்ல அதிகாரிகள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நிலத்திலோ சுவரிலோ பாறையிலோ புதிதாகப் பிளவு கண்டால் சாமான் எடுக்க நிற்கக்கூடாது, உடனே கீழே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். அன்றிலிருந்து ‘பிளவு’ என்ற சொல் எங்கள் லயத்தில் ஒரு கெட்ட வார்த்தை போல ஆகிவிட்டது. குழந்தைகள் முன்னால் அதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

நான் கெம்பஸ் முடித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருந்த காலம் அது. விஞ்ஞானப் பட்டதாரி என்று லயத்தில் பெயர். வேலை என்று ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் போனுக்கு சிக்னல் விட்டுவிட்டு வராமல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் சட்டிக்கல்லின் உச்சி என்பதால், மழை விட்ட நேரமெல்லாம் அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்வேன். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான், யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கும் இணையக் கலைக்களஞ்சியத்தில் அந்தக் கட்டுரை என் கண்ணில் பட்டது. தலைப்பு ‘வெப்பக் காலவியல்’. மூன்றே வரி. அதில் ஒரு வரி இப்படி இருந்தது: “பாறைகள் தங்கள் வெப்பத்தின் வரலாற்றை அனுபவிக்கின்றன.”

ஏதோ இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்த்திருக்கிறார்கள். படித்ததும் எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. தமிழையும் காப்பாற்ற வேண்டும், பாறையையும் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். (இரண்டும் என்னிடம் வந்து முறையிடவில்லை.)

விஷயம் உண்மையில் அழகானது. பாறையின் வயது என்றால் அது உண்டான நாளிலிருந்து எண்ணுவது என்றுதான் நாம் நினைப்போம். இந்தத் துறைக்காரர்கள் வேறு கேள்வி கேட்கிறார்கள்: பூமிக்குள் சூடாகக் கிடந்த பாறை எப்போது ஆறியது? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பாறைக்குள் இருக்கும் சில கனிமத் துகள்களில் மிக மிகச் சிறிதளவு யுரேனியம் இருக்கும். அதன் அணுக்கள் எப்போதாவது ஒன்று தானாகப் பிளந்து, துகளுக்குள் ஒரு நுண்ணிய கீறலை விட்டுவிடும். கல் சூடாக இருக்கும்வரை அந்தக் கீறல்கள் தாமாகவே மூடி மறைந்துவிடும். கல் ஓரளவுக்குக் குளிர்ந்த பிறகுதான் அவை நிலைத்து நிற்கும். பால் கொதிக்கும்போது ஆடை நிற்பதில்லை, ஆறின பிறகுதானே படிகிறது, அது மாதிரி. படிந்த கீறல்களை எண்ணினால் ஆறின காலம் தெரிந்துவிடும். இந்தக் கீறல்களுக்குத் தமிழில் என்ன பெயர் என்று தேடினேன். ‘பிளவுத் தடம்’ என்று போட்டிருந்தார்கள். நல்ல சொல் என்று நானும் அதையே எடுத்துக்கொண்டேன்.

நாட்கணக்கில் கல்லின்மேல் உட்கார்ந்து அந்தக் கட்டுரையை எழுதினேன். அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது.

“கல்லுமேல ஏறி யாரோட பேசிக்கிட்டு இருக்க?”

“யாரோடயும் இல்லம்மா. கல்லோட வயச எப்புடிக் கண்டுபுடிக்கிறதுன்னு எழுதுறேன்.”

“கல்லு வயசு எதுக்குடி? ஒன் வயசு ஏறிக்கிட்டுப் போறது ஒனக்குத் தெரியலயா?”

அம்மாவுக்கு முட்டிவலி. இத்தனை வருடம் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கினதில் வந்தது. கல்வரைக்கும் ஏறிவந்து பார்க்க முடியாததால் பீலிக்கரையில் நின்றபடி அண்ணாந்து பார்த்து, நான் தனியாகத்தான் இருக்கிறேனா என்று உறுதி செய்துகொண்டு போவார்.

கட்டுரை வளர்ந்தது. கடைசியில் எனக்கு ஓர் ஆசை. எல்லா எடுத்துக்காட்டும் எங்கோ தூரத்து மலைகளைப் பற்றியே இருக்கிறதே, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படித்தால் ஒட்டுமா? ஓர் உள்ளூர் உதாரணம் சேர்த்தால் என்ன? உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே, உட்கார்ந்திருந்த கல்லைப் பற்றியே ஒரு வாக்கியம் எழுதிச் சேர்த்தேன்: “எடுத்துக்காட்டாக, லிந்துலைக்கு அருகிலுள்ள சட்டிக்கல் பாறையும் புவியியல் நோக்கில் அண்மையில் ஆறியதே, இதிலும் பிளவுத் தடங்கள் காணப்படலாம்.”

சட்டிக்கல்லை யாரும் ஆராய்ந்ததில்லை. எப்போது ஆறியது என்று எனக்கும் தெரியாது, கல்லுக்கும் ஞாபகம் இருக்காது. ‘அண்மையில்’ என்று நான் எழுதியது பல கோடி வருடங்களை மனதில் வைத்து. புவியியல்காரர்களுக்கு அது நேற்றுப் போலத்தான். வாக்கியம் கம்பீரமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவர்களை மேற்பார்வை செய்யும் பழைய ஆள் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று மட்டும் தெரியும். மறுநாளே என் வாக்கியத்துக்குப் பக்கத்தில் ‘மேற்கோள் தேவை’ என்று, அதாவது ஆதாரம் எங்கே என்று, குறி போட்டுவிட்டு, உரையாடல் பக்கத்தில் எனக்கு ஒரு கேள்வியும் எழுதியிருந்தார்: “தங்கச்சி, உந்தக் கல்லை ஆர் அளந்தது?”

நான் பதில் எழுதவில்லை. வாக்கியத்தை எடுத்திருக்க வேண்டும், அதையும் செய்யவில்லை. ஊர்ப் பெயர் கலைக்களஞ்சியத்தில் இருப்பதைப் பார்க்கப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

என்னைவிட அதிகமாக மகிழ்ந்தது என் தம்பி கஜன். என் பெயரைச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். சத்தியத்தைக் காப்பாற்றினான். என் பெயரை விட்டுவிட்டு, அந்த வாக்கியத்தை மட்டும் போனில் படம் பிடித்துத் தோட்டத்து வாட்சப் குரூப்பில் போட்டான். “நம்ம சட்டிக்கல் உலக லெவலுக்குப் போயிருச்சு!” என்று மேலே ஒரு வரி.

அன்று மாலையிலிருந்து மழை பிடித்தது.

எங்கள் பக்கத்து மழையைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாள் முழுவதும், வாரம் முழுவதும் ஒரே சீராகப் பெய்யும். கம்பளி காயாது, விறகு எரியாது, சுவர் வியர்க்கும். செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல் லயத்தில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போனில் என் வாக்கியம் இருந்தது.

மறுநாள் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனபோது, லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடான பக்கத்துக் காம்பரா புஷ்பா அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

“தர்ஷினி, நீ படிச்ச புள்ள. சட்டிக்கல்லுல பெளவு விழுந்துருச்சாமே, நெசமா?”

நான் என் குடத்தைத் தண்ணீருக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

“அது வேற பெளவுக்கா. அது வந்து… ரொம்பச் சின்னது. கண்ணுக்கே தெரியாது.”

“கண்ணுக்கே தெரியாத பெளவா!” புஷ்பா அக்கா நெஞ்சில் கை வைத்தார். “அப்ப நாங்க எப்புடித் தெரிஞ்சிக்கிட்டு ஓடுறது?”

“இல்லக்கா, அது கல்லுக்குள்ள இருக்குற யுரேனியம்…”

அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. குடம் நிரம்புவதற்குள் அது லயத்தின் இரண்டு கோடிக்கும் போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, கல்லுக்குள் அணுகுண்டுச் சாமான் இருக்கிறது என்று என்னிடமே ஒருவர் சொன்னார். ‘அண்மையில்’ என்றால் எப்போது என்பதிலும் சண்டை. போன மாதம் என்றார்கள் சிலர். போன மாதம்வரைக்கும் சூடாக இருந்திருந்தால் இந்தப் பிள்ளை எப்படி அதன்மேல் தினமும் உட்கார்ந்தது என்று ஒருவர் நியாயமாகக் கேட்டார். அதற்குப் புஷ்பா அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வதந்தி பரப்பினால் பொலிஸ் பிடிக்கும் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள். நான் கனவில் ஹட்டன் பொலிஸில் நின்று ‘புவியியல் நோக்கில்’ என்பதைச் சிங்களத்தில் மொழிபெயர்க்க முடியாமல் அழுதேன். விடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு கல்லில் ஏறி, அந்த வாக்கியத்தை அழித்தேன். அதோடு முடிந்தது என்று இறங்கிவந்தேன்.

மத்தியானம் எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் குரூப்பில் குரல் பதிவு போட்டார். நல்ல மனுஷன், எதற்கும் முதலில் வந்து நிற்பவர். “எல்லாரும் கேட்டுக்கங்க. நேத்து வரைக்கும் அதுல இருந்துச்சு, இன்னைக்குப் பாத்தா இல்ல. அழிச்சிட்டாங்க. நமக்குத் தெரியக்கூடாதுன்னு யாரோ மேல எடத்துல இருந்து மறைக்கிறாங்க. எல்லாரும் உசாரா இருங்க.”

மேலிடம் நான்தான். வாசல் திண்ணையில், எங்கள் இஸ்தோப்பில், உட்கார்ந்து ஈர விறகைப் பிளந்துகொண்டிருந்தேன்.

இதில் வெட்கக்கேடான ஒரு பகுதி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் எல்லோரும் பயந்துகொண்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கே பயம் வந்துவிட்டது. அந்த வாக்கியம் என் மண்டையிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சாமத்தில் கூரைத் தகரத்தில் ஏதாவது சத்தம் கேட்டால், ஒருவேளை நான் தெரியாமல் உண்மையை எழுதிவிட்டேனோ என்று தோன்றும். அச்சில் இருந்தால் பொய்யாக இருக்காது என்று சின்ன வயதிலிருந்து நம்பி வளர்ந்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டது. நாட்கணக்கில் காணாமல் போயிருந்த வெயில் சுரீர் என்று அடித்தது. பெண்கள் எல்லோரும் துணியை வாரிக்கொண்டு பீலிக்கு ஓடினார்கள், அம்மாவும் போனார். கஜன் பள்ளிக்கூடத்து மைதானத்தில் வொலிபோல் விளையாடப் போய்விட்டான். நான் வீட்டுக்குள் டீவியில் வானிலைச் செய்தி எந்த சேனலில் வருகிறது என்று மாற்றி மாற்றித் தேடிக்கொண்டிருந்தேன்.

பீலிப் பக்கமிருந்து ஓர் அலறல்.

“அய்யோ! கல்லு பொகையுது! கல்லு பொகையுது!”

வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். சட்டிக்கல்லின் முதுகு முழுவதிலிருந்தும் வெள்ளையாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அடுப்பில் வைத்த சட்டி கொதித்தால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் ஒரு விஞ்ஞானப் பட்டதாரி என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் செய்தது, “பொளக்கப்போகுது, ஓடுங்க!” என்று லயமே அதிரக் கத்திவிட்டு, எல்லோருக்கும் முன்னால் ஓடினது. செருப்பில்லை. படி இருந்ததா, தாவினேனா என்று ஞாபகமில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது, அதில் அட்டைக்குப் பயந்து நான் ஒருநாளும் போனதில்லை. அன்று அதில்தான் போனேன். பின்னால் வந்தவர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் அவ்வளவு பயந்தார்களாம். படித்த பிள்ளையே இப்படி ஓடுகிறதே, அப்படியானால் விஷயம் பெரிதுதான் என்று.

பள்ளிக்கூடத்து மண்டபத்தில் எல்லோரும் வந்து சேர்ந்தோம். குழந்தைகள் அழுதன. புஷ்பா அக்கா சோப்பு நுரையோடு ஒரு போர்வையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். தலைவர் ஒவ்வொரு காம்பராவாகக் கூப்பிட்டுக் கேட்டார், எல்லோரும் வந்தாச்சா என்று. எங்கள் வீட்டு முறை வந்தபோது கஜன் என்னைப் பார்த்தான்.

“அக்கா, அம்மா எங்க?”

“ஒங்கூட இல்லயா?”

“நான் கிரவுண்டுல இருந்தேன். நீதான வீட்டுல இருந்த.”

மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். அம்மா இல்லை. மறுபடி பார்த்தேன். உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். பொத்தானை அழுத்தினேன், காதில் வைத்தேன், சத்தமில்லை. மறுபடி அழுத்தினேன். “அம்மா, அம்மா, எடும்மா” என்று கத்தினேன்.

புஷ்பா அக்கா மெதுவாக வந்து என் கையைத் தொட்டார். “தர்ஷினி, அது ரிமோட்டும்மா.”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பிறகு அவரே சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

“ஒங்கம்மா பீலியில எங்கூடத்தான் இருந்தாங்க. பொகையக் கண்டதும் ‘எம்புள்ள கல்லுமேல இருக்கும்’னு சொல்லி மேல ஏறுனாங்க. நான் கையப் புடிச்சு இழுத்தேன். ஒதறிட்டுப் போயிட்டாங்க.”

மழை விட்டால் நான் இருக்கும் இடம் சட்டிக்கல். அம்மாவுக்கு அது தெரியும். ஆகவே முட்டிவலிக்காரி புகைகிற கல்லை நோக்கி மேலே ஏறியிருக்கிறார். நான், அவருடைய மகள், அவர் எங்கே என்று ஒரு தடவைகூட யோசிக்காமல் கீழே ஓடிவந்திருக்கிறேன். அந்தக் கல்லுக்குப் பிளவு வைத்ததும் நான்.

வந்த வழியிலேயே திரும்பி ஓடினேன். தலைவர் பின்னால் கூப்பிட்டது கேட்டது, நிற்கவில்லை. ஏறும்போது ஒவ்வொரு அடியிலும் மண் நகர்கிற மாதிரி இருந்தது. ஒரு கல் உருண்டால் மலையே வருகிறது என்று கண்ணை மூடினேன். மாரியம்மனிடம் பேரம் பேசினேன். அம்மாவைக் கொடுத்துவிடு, இனி என் வாழ்நாளில் எந்தக் கட்டுரையிலும் ஒரு கமாகூடப் போடமாட்டேன் என்றேன். பீலியில் யாரும் இல்லை. வாளிகள் கவிழ்ந்து கிடந்தன. அம்மாவின் ஒற்றைச் செருப்பு பாதையில் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கல்லுக்குக் கிட்டப் போனபோது புகை என் முகத்தில் பட்டது. அந்த வெள்ளைக்கு நடுவில் அம்மா உட்கார்ந்திருந்தார். சேலையை முட்டிவரைக்கும் தூக்கிவிட்டுக்கொண்டு, இரண்டு காலையும் கல்லில் நீட்டி, பின்னால் கையூன்றி.

“எங்கடி போன? எங்கெல்லாம் தேடுறது?”

“அம்மா, எந்திரிம்மா! கல்லு பொகையுதும்மா!”

“எனக்கு மட்டும் கண்ணு தெரியலயா? ஒன்னத் தேடித்தான் ஏறுனேன். நீ இங்கயும் இல்ல. திரும்பிப் போலாம்னு பாத்தா முட்டி விட்டுருச்சு. எறங்க முடியல. சரி, சாவுறதுன்னா ஒக்காந்தே சாவோம்னு ஒக்காந்துட்டேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு ஆச்சரியமாகச் சொன்னார்: “ஆனா நல்லாக் கதகதன்னு இருக்குடி. முட்டிக்கு எதமா இருக்கு. நீயும் ஒக்காரு.”

நான் குனிந்து கல்லைத் தொட்டேன். இளஞ்சூடு. ஈரம். வெயில். நாட்கணக்கில் ஊறிக் கிடந்த கருங்கல்லின்மேல் காலை வெயில் அடித்தால் என்ன ஆகும் என்பது ஆறாம் வகுப்புப் பாடம். பரீட்சையில் அதைப் படம் போட்டு விளக்கி நான் முழுப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே அழுதேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு, கையில் என்ன என்று கேட்டார். ரிமோட்டை இன்னும் விடவில்லை நான்.

கொஞ்ச நேரத்தில் கஜனும் தலைவரும் இன்னும் சிலரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், யாரோ சொல்லியனுப்பி, ஜீ.எஸ். மாத்தயாவும் வந்துவிட்டார். கிராம சேவகர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். கல்லைத் தடவிப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “இந்த பெளவு விசயம் யாரு எழுதினது?”

கஜன் கல்லைப் பார்த்தான். நான் தேயிலையைப் பார்த்தேன்.

“எம்மகதாங்க எழுதுனிச்சு,” என்றார் அம்மா, காலை மடக்காமலே. “தப்பா எழுதிருச்சு. அப்புறம் அதுவே அழிச்சிருச்சு.”

“ஒனக்கு எப்புடிம்மா தெரியும்?” என்றேன்.

“எழுதுன அன்னைக்கே தம்பி படிச்சுக் காட்டினான். நம்ம கல்லுப் பேரு வருதுன்னு எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு.”

ஜீ.எஸ். என் பக்கம் திரும்பினார். இதோ ஹட்டன், இதோ பொலிஸ் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் செய்தது அதைவிடக் கொடுமை. சிங்களத்தில் தங்கச்சி என்று அழைத்து, “நங்கி, கீழ வந்து எல்லாருக்கும் வெளங்கப்படுத்துங்க. நீங்கதானே எழுதினது,” என்றார். அப்படியே பள்ளிக்கூடத்து மண்டபத்தில், வெறுங்காலோடு, சேறும் ரிமோட்டுமாக நின்று, அணுப் பிளவு வேறு, மண் பிளவு வேறு என்று என் வாழ்க்கையின் முதல் பாடத்தை நடத்தினேன். தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“ஓடுனது சரிதான் புள்ள,” என்றார். “நெசமாவே பொளந்துருந்தா? இனிமேயும் ஓடத்தான் செய்வோம். ஆனா அந்தச் சொல்ல மட்டும் பாத்து எழுது. எங்களுக்கு அது வெறும் சொல்லு இல்ல.”

அந்த மண்டபத்தில் சோப்புப் போர்வையோடும் கைக்குழந்தையோடும் நின்றவர்களைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

மத்தியானத்துக்குள் சட்டிக்கல்லைப் பார்க்க முடியவில்லை. லயத்திலிருந்த ஈரக் கம்பளி, போர்வை, பள்ளிக்கூட உடுப்பு எல்லாம் அதன்மேல் காய்ந்துகொண்டிருந்தன. புஷ்பா அக்கா மிளகாய்கூடக் காயப்போட்டார்.

கட்டுரை இப்போது நீளமாக, ஒழுங்காக இருக்கிறது. மாரியம்மனிடம் கமாவைப் பற்றிச் சொன்னதைக் கொஞ்ச நாளில் மீறிவிட்டேன். முதல் பத்தியிலேயே, பிளவுத் தடம் என்பது ஒரு கனிமத் துகளுக்குள் இருக்கும் நுண்கீறல், பாறையிலோ நிலத்திலோ தெரியும் வெடிப்பு அல்ல என்று தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன். அதற்கு எந்த நூலிலிருந்து மேற்கோள் காட்டுவது என்று தெரியாமல் விட்டிருந்தேன். யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒன்றும் கேட்காமல் அதை இருக்கவிட்டார். ஆனால் உரையாடல் பக்கத்தில் அவருடைய பழைய கேள்வி அப்படியே இருந்தது. ஒருநாள் துணிந்து பதில் எழுதினேன்: “அம்மா அளந்தார். உட்கார்ந்து பார்த்து. இளஞ்சூடு.” அடுத்த நாள் அதற்குப் பக்கத்திலும் ‘மேற்கோள் தேவை’ என்று குறி போட்டிருந்தார்.

எனக்கு இப்போது ஹட்டனில் வேலை, வீடு. விடுமுறைக்கு லயத்துக்குப் போவோம். போன தடவையும் நாலைந்து நாள் விடாமல் மழை. விட்டதும் வெயில் அடித்தது, கல் புகைய ஆரம்பித்தது. எல்லோரும் இஸ்தோப்பில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். அம்மா கோப்பையை வைத்துவிட்டு, முட்டியில் கையூன்றி எழுந்தார். சுவரோரமிருந்த கம்பை எடுத்துக்கொண்டார். டீவிக்குப் பக்கத்திலிருந்த ரிமோட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

“நான் மேல போறேன்,” என்றார். “நீ வழக்கம்போல கீழ ஓடு.”